பத்தாவது பிள்ளை

ட்வைலா டிரைலிங்குக்கு ஓரின் பள்ளியில் இரண்டு வேலை. காலையில் மஞ்சள் பேருந்தை ஓட்டிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பாள். மணியடித்ததும் அதே பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துவாள். இரண்டில் எதில் கெட்டிக்காரி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பேருந்து என்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியும் ஒரு தடவைகூட அவள் வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கியதில்லை. கணக்கைப் பற்றி யாரும் நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் இல்லாமல் போனதற்குக் காரணம் ஊரின் அளவு. கான்சஸின் மேற்குக் கோடியில், கோதுமை வயல்களுக்கு நடுவே, ஒரு தானியக் கோபுரமும் இரண்டு தேவாலயமும் ஒரு தபாலாபீசுமாக நிற்கிற ஊர் ஓரின். பள்ளி மாவட்டம் என்று பெயர்தான் பெரிசு. மாவட்டத்துக்கே ஒரு கட்டடம். கண்காணிப்பாளர்தான் கால்பந்துப் பயிற்சியாளர். நூலகம்தான் நிர்வாகக் குழு கூடும் இடம். அறிவியல் கூடத்துத் தொட்டியில் சமையலறைக்காரர்கள் பீன்ஸ் ஊறவைப்பார்கள், ஏனென்றால் அந்தக் குழாயில்தான் தண்ணீர் ஒழுங்காக வரும்.

மாநிலம் வருடாவருடம் தேர்வு வைத்து, எந்தப் பள்ளியில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று ஊரறிய வெளியிடும். ஒரு வகுப்பில் தேர்வு எழுதியவர்கள் பத்துக்குக் கீழே என்றால் மட்டும் வெளியிடாது. எந்தப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா. எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடும். ஓரினில் எட்டாம் வகுப்பு என்றால் ஏழு பேர், எட்டுப் பேர், மிஞ்சிப்போனால் ஒன்பது பேர். ஆகவே வருடம் தவறாமல் நட்சத்திரம். பக்கத்து ஊரான மெரிட் பெரிய ஊர், புதுக் கட்டடம் கட்டிய ஊர். அவர்களுடைய எண் பத்திரிகையில் வந்து சந்தி சிரிக்கும். ஓரின்காரர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

தனித்தனி மதிப்பெண் ட்வைலாவின் கைக்கு வரும். ஒவ்வொன்றையும் பார்த்து ஒவ்வொரு நியாயம் சொல்லிக்கொள்வாள். இவனுக்கு அன்றைக்குச் சளி. இவள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிரிகிற சமயம். இன்னொருத்தன் வீட்டில் மாடுகள் கன்று போடும் நேரம், பையன் தூங்கியே இருக்கமாட்டான். எட்டுப் பிள்ளைக்கு எட்டு நியாயம். எட்டையும் கூட்டிப் பார்க்க ஒரு கணக்கு ஆசிரியைக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று கேட்டால், தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கிற வைத்தியர் ஊரில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்கலாம்.

பத்தாவது பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது ட்வைலாவேதான்.

செப்டம்பர் இருபது தலை எண்ணும் நாள். அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைக்குத்தான் மாநிலம் பணம் தரும். அதனால் அன்று சமையலறையில் மாட்டிறைச்சியும் பீன்சும் போட்ட காரக் குழம்பும், கூடவே இலவங்கப்பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் செய்வார்கள். காரத்தில் இனிப்பைத் தோய்த்துத் தின்பதைப் பார்த்து வெளிமாநிலத்தார் முகம் சுளிப்பார்கள். ஓரின் பிள்ளைகள் அதற்காகக் காய்ச்சலோடும் வந்துவிடுவார்கள். சென்ற செப்டம்பரில் அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பால்பண்ணைச் சாலையில் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நீளப் பாவாடை கட்டிய ஒரு பெண் நிற்பதைப் பார்த்து ட்வைலா பேருந்தை நிறுத்தினாள். பெயர் அகனேத்தா தீசன், வீட்டில் நேட்டா. வயது பதின்மூன்று. மெக்சிகோவிலிருந்து பால்பண்ணை வேலைக்கு வந்த, மென்னோனைட் என்கிற பழைய கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். வீட்டில் பழைய ஜெர்மன் ஒன்று பேசுவார்கள், ஸ்பானிஷ் தெரியும், ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வரும். அப்பா யோஹானிடம் ட்வைலா போய்ப் பேசினாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுச் சரி என்றார். நேட்டா வந்தாள், எண்ணினார்கள், ஆசிரியர் அறையில் கைதட்டினார்கள். ஒரு தலை கூடிவிட்டது.

ஜனவரியில் அந்தத் தலையை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஜனவரிக் கூட்டத்தில் குழுத் தலைவர் வெர்லின் ஷுக்மன் பேச்சை எடுத்தார். வெர்லினுக்கு நிலம் அதிகம், அதனால் வரி அதிகம், அதனால் பள்ளியின் செலவு ஒவ்வொன்றும் தன் சட்டைப் பையிலிருந்து போவதாகவே தெரியும். மெரிட் ஊரில் ஒரு கணக்கு ஆசிரியர் திரை வழியாகப் பாடம் நடத்துகிறார். ஸ்பானிஷ் பாடம் ஏற்கெனவே அப்படித்தான் வருகிறது. கணக்கையும் அப்படி வாங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம் என்றார்.

"ட்வைலாவுக்கு பஸ் இருக்கே. யாரும் அவள வெளிய போகச் சொல்லல."

ட்வைலா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் பேருந்தின் எண்ணெய் மாற்றுவதைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்ளலாம். கால் மட்டும் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

குழுவில் அவளுக்கு வேண்டியவள் ஆர்டித், தபாலாபீஸ்காரி. அவளுடைய கடைக்குட்டி பிரெக் எட்டாம் வகுப்பில்தான் படிக்கிறான். ஆர்டித் எழுந்தாள்.

"வெர்லின், வாய்க்கு வந்ததச் சொல்லாதே. அவ நல்லா நடத்தறாளா இல்லையான்னு நீயும் நானுமா சொல்றது? மாநிலம் சொல்லட்டும். எட்டாம் வகுப்பு ரிசல்ட் மாநில சராசரிக்குக் கீழ வந்துச்சுன்னா உன் திரையைக் கொண்டா. வரலேன்னா இந்தப் பேச்ச இனிமே எடுக்காதே."

"எழுதிக்கோங்க," என்றார் வெர்லின். "நான் சொன்னா கெட்டவன். மாநிலம் சொன்னா யாரும் கெட்டவன் இல்ல."

தீர்மானம் நிறைவேறியது. ஆர்டித் உட்காரும்போது ட்வைலாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவளுடைய கணக்கு சுலபமானது: ஓரினுக்கு எண் வராது, நட்சத்திரம்தான் வரும், நட்சத்திரம் எந்தச் சராசரிக்கும் கீழே இல்லை. ட்வைலா பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை. மனதுக்குள் தன் வகுப்பின் பெஞ்சுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். சன்னலோரம் கடைசி பெஞ்சில், பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டபடி, நேட்டா உட்கார்ந்திருந்தாள்.

எதிர் வரிசையிலிருந்து கண்காணிப்பாளர் கேலன் வாசிங்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எண்ணத் தெரியும். ஒரு காலத்தில் அவளிடம்தான் எண்ணப் படித்தான்.

மார்ச் மாதம் பேருந்துக் கொட்டகையில் அவளைத் தனியாகப் பிடித்தான். நாற்பது வயது தாண்டியும், மாவட்டத்துக்கே தலைவனான பிறகும், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு நாக்கு வராது.

"மிஸஸ் டிரைலிங், எட்டாவதுல பத்துப் பேர்."

"எண்ணத் தெரியும் கேலன்."

"ஒருத்தர் கொறஞ்சா..."

"கழிக்கவும் தெரியும்."

கேலன் சக்கரத்தைக் காலால் தட்டினான். "அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷே இன்னும் முழுசா வரல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு அவள வதைக்கணுமா? அவங்க அப்பாகிட்ட அன்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க எதுவும் செய்ய வேண்டாம். உங்களுக்கு எதுவும் தெரியவும் வேண்டாம்."

மறுத்துச் சொல்வதற்கு அது தோதான நேரம். ட்வைலா குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"பின்னாடி டயர் தேஞ்சிருக்கு," என்றாள்.

"மாத்திடலாம்," என்றான் கேலன். இருவரும் வேறு ஏதோ ஒன்றுக்கு ஒப்புக்கொண்டதாக இருவருக்கும் தெரிந்தது.

மாநிலம் தேர்வுக்குக் கொடுத்திருந்த கெடுவின் கடைசி நாளைப் பார்த்து, ஒரு செவ்வாய்க்கிழமையில் கேலன் கணக்குத் தேர்வை வைத்தான். வராதவர்கள் பிறகு எழுத வழி கிடையாது.

அந்தச் செவ்வாய் விடிந்தபோது தெற்கிலிருந்து காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. முந்தின நாள் மழையில் மண்சாலைகள் வெண்ணெயாகியிருந்தன. பால்பண்ணைச் சாலையில் தபால்பெட்டி முன்னால் ட்வைலா நிறுத்தினாள். வழக்கமாக நேட்டா பேருந்துக்கு முந்தி வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அன்று தபால்பெட்டி மட்டும் நின்றது.

"நேட்டாவக் காணோம்," என்றாள் முன்வரிசையில் இருந்த டேட்டம்.

"ஹாரன் அடிங்க மிஸஸ் டிரைலிங்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

ட்வைலா அடிக்கவில்லை. சேறு தெறித்த கண்ணாடியில் துடைப்பான் இரண்டு மூன்று தடவை போய்வந்தது. தூரத்தில் பண்ணைக் கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு கதவை மூடிக் கியரைப் போட்டாள். காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்தாயிற்று. விதிப்படி அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் வாழ்க்கையிலேயே விதியை அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்த காலை அதுதான்.

பேருந்து கொஞ்ச தூரம் போனதும் பிரெக் இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"உக்காரு பிரெக்."

"அம்மா சொன்னாங்க, இன்னைக்கு அவ வராம இருந்தா உங்களுக்கு நல்லதாம். மார்க்கு வெளிய வராதாம்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது, அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஓரினில் ரகசியம் என்றால் இதுதான்.

"உக்காருன்னு சொன்னேன்."

அவன் உட்கார்ந்தான். ஆனால் வாயை மூடவில்லை. "எனக்குப் புரியல மிஸஸ் டிரைலிங். நேட்டா வந்தா எங்க மார்க்கும் வெளிய வரும், அதுதானே பயம்? அப்ப நாங்க ஒன்பது பேரும் அவ்ளோ மோசமா?"

கண்ணாடியில் எல்லா முகமும் அவளைப் பார்த்தன. ஒரு பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று அவள் சேர்த்துவைத்திருந்தாள். ஒன்பது பேரும் சேர்ந்து ஒரே கேள்வி கேட்டால் சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை.

அந்தச் சாலையில் பேருந்தைத் திருப்ப முடியாது. ஓரத்துச் சேற்றில் இறங்கினால் கோடைதான் வண்டியை வெளியே எடுக்கும். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் மைலுக்கு மைல் சதுரமாக வெட்டியது. விட்ட இடத்துக்கு மறுபடி வரவேண்டுமானால் ஒரு சதுரத்தை முழுக்கச் சுற்றித்தான் வரவேண்டும். அடுத்த குறுக்குச் சாலையில் ட்வைலா வலப்பக்கம் திரும்பினாள்.

"பள்ளிக்கூடம் இடப்பக்கம்," என்றான் பிரெக்.

"நான் இந்த ரோட்ட நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து ஓட்டறேன்."

மறுபடி வலப்பக்கம். சேறு சக்கரத்தை இழுத்தது. பேருந்தின் பின்பாகம் ஒரு பக்கமாக நழுவியபோது டேட்டம் கண்ணை மூடிக்கொண்டாள். ட்வைலா வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் நின்றுவிடும். நின்றால் ஒருத்திக்குப் பதில் பத்துப் பேரும் தேர்வு எழுதமாட்டார்கள். இன்னும் ஒரு வலப்பக்கம். இன்னும் ஒன்று. தபால்பெட்டி வந்தது. ட்வைலா வண்டியை நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.

நேட்டா கறவைக் கொட்டகையில் இருந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பாவாடைக்கு மேலே ரப்பர் அங்கி, கையில் தண்ணீர்க் குழாய். வேலை பழகும் முதல் நாளின் விறைப்பு உடம்பில் தெரிந்தது. யோஹான் தொப்பியைக் கழற்றினார்.

"பஸ் அவளுக்காகக் காத்திட்டிருக்கு," என்றாள் ட்வைலா.

"அவளுக்குப் படிப்பு முடிஞ்சுது," என்றார் யோஹான்.

"யார் சொன்னா?"

"உங்க பெரியவர். வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன். பொண்ணு இந்த வருஷம் நல்லாப் படிச்சுட்டா, போதுமான அளவு கத்துக்கிட்டா, செவ்வாய்க்கிழமை வரத் தேவையில்லன்னு சொன்னார். என் கையப் புடிச்சுக் குலுக்கினார்." அவர் ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இறங்கியது. "எனக்கும் பன்னிரண்டு வயசுல அப்படித்தான். பெரியவர் வீட்டுக்கு வந்து கை குலுக்கினார். அடுத்த நாள் வேலைக்குப் போனேன்."

ட்வைலாவுக்குப் புரிந்தது. கேலன் மரியாதையாகச் சொன்ன பொய்யை யோஹான் மரியாதையாக நம்பிவிட்டார். அவர்கள் ஊரில் பள்ளி ஒரு பிள்ளையை விடுவிப்பது அப்படித்தான். ஒரு நாள் லீவு கொடுப்பதாக நினைத்துக் கேலன் அந்தப் பெண்ணைப் பள்ளியைவிட்டே அனுப்பிவிட்டிருந்தான். அடுத்த செப்டம்பரில் ஒரு தலையையும் சேர்த்துத் தொலைத்திருந்தான்.

அதைச் சரிசெய்வது சுலபம். ட்வைலாவுக்கு அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது: தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, இன்னைக்கு ஒரு நாள்தான் லீவு, நாளைக்கு அனுப்புங்க. எல்லோருக்கும் நல்லது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் மிஞ்சும், தனக்குக் கரும்பலகை மிஞ்சும், ஊருக்கு நட்சத்திரம் மிஞ்சும். அதில் பொய்யும் இல்லை.

"நாளைக்கு..." என்று தொடங்கினாள்.

"இன்னைக்கு என்ன?" என்று நேட்டா கேட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் அவள் பூட்ஸ் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"கணக்குப் பரீட்சை."

"முக்கியமா?" என்றார் யோஹான்.

முப்பது வருடமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளைகள் கேட்டுவந்த கேள்வி அது. முப்பது வருடமாக ஒரே பதில் சொல்லிவந்த வாய், சொந்தக்காரியைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

"ரொம்ப முக்கியம். தவறவே விடக் கூடாது."

வீரத்தில் பாதி பழக்கதோஷம். ட்வைலா அதைப் பின்னால் எவ்வளவு யோசித்தும் வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

"அப்ப அவர் ஏன் வரவேணாம்னு சொன்னார்?"

"கேலனுக்குக் கணக்கு வராது," என்றாள் ட்வைலா. "எனக்குத் தெரியும். நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

யோஹான் சிரிக்கவில்லை. தொப்பியை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு மகளிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். நேட்டா குழாயை மூடிவிட்டு, ரப்பர் பூட்சோடேயே ஓடினாள்.

பள்ளி வாசலில் கேலன் நின்றுகொண்டிருந்தான். பேருந்திலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக ரப்பர் பூட்ஸ் இறங்கியது. அவன் முகத்தைப் பார்த்ததும், கழித்தலில் கடன் வாங்க மறந்துவிட்டு விடையைப் பார்த்து முழிக்கிற பதின்மூன்று வயதுப் பையன் ட்வைலாவுக்குக் கண்ணில் தெரிந்தான்.

"மிஸஸ் டிரைலிங்," என்றான் மெதுவாக, "உங்களுக்கு என்ன ஆச்சு?"

"டயர மாத்து. சேத்துல வழுக்குது."

தேர்வின்போது மேற்பார்வை அவளே. பிள்ளைகளின் திரையைப் பார்க்கக் கூடாது, உதவக் கூடாது; வரிசைகளுக்கு நடுவே நடக்கலாம். பள்ளியில் இருந்த மடிக்கணினிகள் பழசு. ஒன்றில் ஒன்பதாம் எண் விசை கிடையாது. பிரெக் அதை எடுத்துக்கொண்டு பெருந்தன்மையாக முனகினான். ஒவ்வொருவராக முடித்து எழுந்தார்கள். நேட்டா எழவில்லை. கையைத் தூக்கினாள்.

"மிஸஸ் டிரைலிங், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

ட்வைலா பார்க்காமலிருக்க முயன்றும் பார்த்துவிட்டாள். சாதாரணச் சொல். ஒரு வினாடியில் சொல்லிவிடலாம். அறையில் வேறு யாரும் இல்லை.

"சொல்லக் கூடாதும்மா."

நேட்டா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அவள் ஒவ்வொரு கேள்வியையும் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ட்வைலா சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வகுப்பறையின் விலை இருக்கலாம்.

எண் அக்டோபரில் வந்தது. பத்தில் இரண்டு பேர் தேறியிருந்தார்கள். மாநிலச் சராசரிக்குக் கொஞ்சம் கீழே. கொஞ்சம்தான், ஆனால் கீழே. இன்னும் ஒரே ஒரு பிள்ளை தேறியிருந்தால் மேலே போயிருக்கும். அந்த ஒரு பிள்ளை யார் என்று தபாலாபீசிலும் தானியக் கோபுரத்தடியிலும் பேசினார்கள்; எல்லோரும் ஒருமனதாக நேட்டாவைச் சொன்னார்கள். தேறாதவர்கள் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிர்வாகக் கூட்டத்துக்கு நூலகத்தில் நாற்காலி போதவில்லை. ஆர்டித் முதலில் எழுந்தாள்.

"நான் யாரையும் கொறை சொல்லல. பரீட்சையப்ப வந்து ஏழே மாசமான, பாஷை தெரியாத ஒரு பொண்ணச் சேத்து எண்ணினா இப்படித்தான் வரும். நம்ம பிள்ளைங்க மட்டும்னா..."

"ஆர்டித்," என்றாள் ட்வைலா.

"உனக்காகத்தான் பேசறேன்."

"தெரியும். உக்காரு."

எட்டுப் பேரில் எல்லாரையும்விட மதிப்பெண் குறைந்தவன் யார் என்று ட்வைலாவுக்குத் தெரியும். அது நேட்டா இல்லை. ஒன்பதாம் எண் இல்லாத கணினியில் எழுதியவன். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைச் சபையில் சொல்லக் கூடாது. அதனால் தன் தோழி தொடர்ந்து தவறாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெர்லின் மேசையை விரலால் தட்டினார். "தீர்மானம் நாமளே போட்டது. மாநிலம் சொல்லிடுச்சு. ட்வைலா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பிள்ளைங்க இப்படி இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

ட்வைலா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"ஒவ்வொருத்தரையும் தெரியும்," என்றாள் ட்வைலா. "கூட்டிப் பாக்கல."

வெர்லின் எதிர்பார்த்துத் தயாராக வந்திருந்த பதில் அதுவல்ல.

அப்போது கேலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். எண் வெளியாகி, அது சராசரிக்குக் கீழே இருந்தால், மாநிலம் அந்தப் பள்ளிக்கு இரண்டு வருடம் உதவித்தொகை தருமாம். புதுக் கணினிகள், வாரம் இரண்டு நாள் வகுப்புக்கே வந்து ஆசிரியருக்குக் கைகொடுக்க ஒரு பயிற்சியாளர். நட்சத்திரம் போட்ட பள்ளிகளுக்குக் கிடையாது. நட்சத்திரத்துக்கு என்ன குறை என்று யாருக்குத் தெரியும்?

"நிறுத்து," என்றார் வெர்லின். "நாம இத்தன வருஷமா மோசமாத்தான் இருந்தோம். அதுக்குக் காசு இருந்துச்சு. நட்சத்திரத்தால கெடைக்காமப் போச்சு. அப்படியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நம்ம காசா, மாநிலத்துக் காசா?"

"மாநிலத்துக் காசு. ஆனா வகுப்புல ஆசிரியர்னு ஒருத்தர் நிக்கணும். திரைக்கு யாரும் பயிற்சி குடுக்க மாட்டாங்க."

வெர்லின் பின்னால் சாய்ந்தார். வாழ்நாள் முழுக்க வரி கட்டியவருக்குத் திரும்பி வருகிற காசின் மணம் தனி. பழைய தீர்மானத்தை ரத்துசெய்ய அவரே முன்மொழிந்தார். ஆர்டித் எதிர்த்து வாக்களித்தாள். வெளியாள் ஒருவர் வந்து நம் ட்வைலாவைத் திருத்துவதற்குத் திரையே மேல், அப்போதாவது குற்றம் மெரிட்டைச் சேரும் என்றாள். நான்குக்கு மூன்று. விரோதியின் வாக்கில் ட்வைலாவுக்கு வகுப்பறை மிஞ்சியது. வெளியே வரும்போது யாரும் அவளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை, எதற்கென்று சொல்வது?

பயிற்சியாளர் மார்லா நவம்பரில் வந்தாள். ஏழு பள்ளிகளுக்கு ஒருத்தி, காரிலேயே சாப்பிடுகிறவள். ஒரு நாள் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். ட்வைலாவுக்கு அந்தப் பேனாவின் சத்தம் கரும்பலகைவரை கேட்டது. மறுநாள் காலை, மணிக்கு முன்னால், இருவரும் வகுப்பில் தனியாக இருந்தார்கள்.

"எதுலேர்ந்து தொடங்கட்டும்?" என்றாள் மார்லா.

"அதிகமா எழுதினதுலேர்ந்து."

"தப்பாப் போட்ட பிள்ளைகிட்ட 'மறுபடி பாரு'ன்னு சொல்றீங்க, இல்லேன்னா சரியான விடையப் போட்டுக் காட்டறீங்க. எப்படிப் போட்டேன்னு ஒரு தடவைகூடக் கேக்கல."

ட்வைலாவின் காதுமடல் சூடேறியது. தன் பேரப் பிள்ளை வயதுக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள் இந்தப் பெண். "கேட்டா சொல்லிடுவாங்களாக்கும்," என்றாள்.

"கேட்டுப் பாருங்களேன்."

முதல் வகுப்பு ஒன்பதாவது. அதே பத்துப் பேர், ஒரு வருடம் வளர்ந்தவர்கள். ட்வைலா கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினாள்: மூன்று எக்ஸோடு ஆறைக் கூட்டினால் பதினெட்டு; எக்ஸ் எத்தனை? நான்கு. போன வருடப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டியது. நேட்டா ஒன்பது என்றாள்.

மறுபடி பாரு என்று வாய்வரை வந்தது. கடைசி பெஞ்சில் மார்லா பேனாவை மூடிவைத்திருந்தாள்.

"எப்படிப் போட்டே?"

நேட்டா அது தண்டனையா என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து சாக்பீசை வாங்கிக்கொண்டாள். அவள் ஆங்கிலம் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

"ஆறு அந்தப் பக்கம் போகுது. போனா மைனஸ் ஆகும். பதினெட்டுல ஆறு போனா பன்னிரண்டு."

"சரி."

"அப்புறம் மூணும் அந்தப் பக்கம் போகுது. அதுவும் மைனஸ் ஆகும். பன்னிரண்டுல மூணு போனா ஒன்பது."

"மூணு ஏன் மைனஸ் ஆகணும்? அது எக்ஸப் பெருக்கிக்கிட்டுல்ல இருக்கு?"

"அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்," என்றாள் நேட்டா, பொறுமையாக, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "நீங்கதான் சொன்னீங்க, மிஸஸ் டிரைலிங். எப்பவும் சொல்வீங்க."

சொல்லுவாள்தான். முப்பது வருடமாக, அதே சொற்களில், கையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வீசிக்காட்டிச் சொல்லுவாள். கேலனிடமும் சொல்லியிருந்தாள்.

ட்வைலா வகுப்பைப் பார்த்தாள்.

"இதே மாதிரி போட்டவங்க எத்தன பேரு? உண்மையச் சொல்லுங்க."

முதலில் பிரெக் பாதிக் கையைத் தூக்கினான். டேட்டம் தூக்கினாள். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. சன்னலோரம், நடுவரிசை, பின்வரிசை. மார்லா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு ட்வைலா அவளுக்கு நன்றி சொல்ல நினைத்தாள், பிறகு சொல்லவில்லை.

துடைப்பானை எடுத்துப் பலகையை முழுக்க அழித்தாள்.

"எல்லாரும் கையக் கீழ போடுங்க," என்றாள். "முதல் விஷயம், அந்தப் பக்கம்னு ஒண்ணு கெடையாது. அதை நான்தான் கெளப்பிவிட்டேன்."